அம்மா முந்திச் சாப்பிடுகிறாள்

ஆம்பூர்,
15 ஜூலை 1932, வெள்ளிக்கிழமை

ரங்கூனில் இருக்கும் அன்பு மகள் சுந்தரிக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம், வீட்டில் மாடு கன்றும் சுகம். நீங்கள் எல்லோரும் அங்கே நலமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். உன் அம்மா சுகம் என்று எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை, அதனால்தான் கடிதமும் தாமதம். நடந்ததை எழுதுகிறேன், நீயே பார்.

கொஞ்ச நாளாக உன் அம்மா எனக்கு முந்திச் சாப்பிட்டுவிடுகிறாள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை முடிந்து நான் கைகால் கழுவி வந்து உட்கார்ந்தால், அவள் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. கல்யாணமான நாள் முதல் நாம் தின்ற மிச்சத்தைப் பானையிலிருந்து வழித்துச் சாப்பிட்டவள் அவள். அதோடு விட்டாளா, வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு லீவு என்றால் அன்று துவைக்கிற துணி மூட்டையைத் தூக்காமல் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஊறுகிறாள், மதியம் பாயை விரித்துப் படுக்கிறாள். என்ன விஷயம் என்று கேட்டேன். "இன்னா இப்போ, பசிச்சுது, சாப்ட்டேன்" என்கிறாள். இந்தப் பசி இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது? எனக்கு உன் பெரியம்மா ராஜம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. அவளும் நோவை ஒருவரிடமும் சொல்லவில்லை, கடைசி மாதத்தில்தான் ஆசைப்பட்டதையெல்லாம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மருந்துப் புட்டி ஏதாவது ஒளித்திருக்கிறாளோ என்று அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை, அகப்படாதது இன்னும் பேஜாராகிவிட்டது. பக்கத்து வீட்டு வஜீதாவும் இவளும் குசுகுசு என்று பேசுவதும், என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வதும் வேறு.

வஜீதாவை மடக்கினேன். முதலில் மழுப்பினாள், பிறகு சொன்னாள், "ஷாப்புல தோலுக்குப் பட்டை இடிக்கிற வேலைல மயங்கி வுழுந்துட்டாங்கண்ணே, காலைல இருந்து ஒண்ணும் சாப்புடல. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனேன். உங்ககிட்ட சொன்னா வேலைக்கு வுடமாட்டீங்கன்னு பயந்துட்டாங்க." டாக்டரம்மா மருந்தே கொடுக்கவில்லையாம், வேளைக்குச் சாப்பிடு, நடுவில் கொஞ்சம் உட்கார், லீவு நாளில் படு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மருந்து கொடுக்கவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? எனக்குத் தூக்கம் போய்விட்டது. வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்த ஆஸ்பத்திரிக்கே போனேன். உள்ளதைச் சொல்லுங்கள் அம்மா, தாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அன்னம்மாளுக்கு வியாதி எதுவும் இல்லை, பசிதான், உங்கள் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறது என்று கேட்டார்கள். நான் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே சந்தோஷம், கூடவே வெட்கமும். இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் கவிழ்த்த தட்டைத்தான் தேடுகிறேன். சும்மா கழுவி வைத்து ஏமாற்றுகிறாளோ என்று பானையில் சோறு குறைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன். அவள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

இப்போது என் சந்தேகம் உன்மேல் திரும்பியிருக்கிறது. உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். மாப்பிள்ளை இருதயராஜுக்கு அந்த ஊர் மீன் பிடித்துவிட்டது, பிள்ளைகள் இரண்டாம் முறை சோறு கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ சாப்பிட்டது ஒன்றிலும் இல்லை. கேட்டால் எனக்கென்ன குறை என்பாய். உன் அம்மாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் காப்பாராக. அங்கே மழை ஜாஸ்தி என்கிறார்கள், ஈரத் தலையோடு அடுப்படியில் நிற்காதே. அம்மாவைக் கேட்டு அவள் சார்பிலும் இரண்டு வரி எழுதலாம் என்று பார்த்தேன், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள், எழுப்பவில்லை. மறவாமல் பதில் போடு. சுகம் என்று மட்டும் எழுதாதே, நான் நம்பமாட்டேன். உன் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறது என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
தேவசகாயம்