பெரிய ற

ஆடி 24, வெள்ளி

காற்று. வாயெல்லாம் மண். வாசல் முழுக்க வேப்பம்பழம், கால் வைத்தால் வழுக்குகிறது.

'மேற்பார்வையாளர்' என்ற சொல்லை இன்று முழுதாக எழுதி முடித்தேன். அதற்குள் டீ ஆறிவிட்டது. இனி மே. போதும். ஆடு கத்துவது போல இருக்கிறது. இருக்கட்டும், அவர் இதைப் படிக்கப் போவதில்லை.

செல்லம்மா, என் மனைவி. அவளும் இனி செ.

காலையில் மே. எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "புதன்கிழமை சமூக நலத்துறையிலேர்ந்து ஆய்வுக்கு வாராங்க. இல்லத்துக்கு லைசன்ஸ் புதுப்பிக்கணும். கேட்டா நல்லாருக்குன்னு சொல்லுங்க. எதையும் கிண்டி விட்டுறாதீங்க."

பக்கத்துக் கட்டில் சின்னையா: "அப்ப புதன்கிழமை சாம்பார்ல பருப்பு கெடக்கும்."

சாயந்திரம் கம்பிக் கதவு. அங்கிட்டு செ., இங்கிட்டு நான். வீடு மழையில் விழுந்து இந்த முதியோர் இல்லத்துக்கு வந்ததிலிருந்து இப்படித்தான். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் பூட்டு. சாப்பாடும் தனிப் பந்தி. அவளுக்கு இடது காது மட்டும் கொஞ்சம் கேட்கும். அதுவும் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னால். கம்பிக்குள் வாய் நுழையாது. கத்தத்தான் வேண்டும்.

நான்: "காலு வலிக்குதா?"

செ.: "பாலு புளிக்குதா? இல்லையே, நல்லாத்தான இருந்துச்சு!"

இரண்டு பக்கமும் சிரிப்பு. அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கட்டினவளிடம் ஊர் கேட்காமல் ஒரு சொல் சொல்ல வழியில்லை.

எங்களை ஒரே அறையில் விடச் சொல்லி போன மாதமே மே.யிடம் கேட்டுப் பார்த்தேன். "ரூல்ஸ் ஐயா. ஆம்பளை தனி, பொம்பளை தனி" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர்.

ஆடி 26, ஞாயிறு

எழுதப் படிக்க வகுப்பு. ஜெயந்தி டீச்சர் விராலிமலையிலிருந்து ஸ்கூட்டியில். சொல்வதெழுது. மயில், கயிறு, பறவை, மரம். பறவையில் தப்பு.

"ஐயா, சின்ன ர, பெரிய ற பாத்துப் போடுங்க."

வாயில் சொன்னால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். காகிதத்தில்தான் சண்டை.

கீரைப் பாத்தியில் மயில் இறங்கி மேய்ந்துவிட்டது. அதன் பெயர் சரியாக எழுதினதற்குக் கூலி போல.

வகுப்பு முடிந்து வராந்தாவில் நடக்கும்போது சுவரில் உள்ள பெட்டியை வாசித்தேன். பு-கா-ர். புகார் பெட்டி! இத்தனை நாள் உண்டியல் என்று நினைத்துக் காசு போட்டுக்கொண்டிருந்தேன். சின்னையாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தீர்ந்தேன். சாவி யாரிடம் என்று மட்டும் கேட்டேன். "ஆய்வுக்கு வர்ற அம்மாக்கிட்ட. மே... மேற்பார்வை தொறக்க முடியாது" என்றார். நான் மே. மே. என்று வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டிருக்கிறார் கள்ளன்.

ஆடி 27, திங்கள்

இன்று வந்தவை: புதுப் போர்வை. சோப்பு. குளியலறைச் சுவரில் கைப்பிடி. கைப்பிடியைப் பிடிக்கக் கூடாதாம், சிமெண்ட் காயவில்லையாம்.

எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். போட்டது இது:

அம்மா. எனக்கு ஒரு குரை உண்டு. அதனால் தூக்கம் இல்லை. பெண்கள் பக்கம் போக முடியவில்லை. நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு பிழை இல்லை.

பெயர் போடவில்லை. மே.க்குத் தெரிந்து, "அப்ப வேற இடம் பாத்துக்கங்க" என்றால்? செ.யை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்?

லோடுமேனாக இருந்த காலம் முழுக்க அரசாங்கத்துக்கு என் கட்டைவிரலைத்தான் தெரியும். இன்று என் கையெழுத்தே போகிறது. பெட்டிக்குள் விழுந்த சத்தம் கூடக் கேட்டது. பார்த்த சாட்சி மணி மட்டும். மணி இந்த இல்லத்து நாய். சின்னையா தன் இட்லியில் பாதியை அதற்குத்தான் போடுவார்.

ஆடி 29, புதன்

ஒரே சந்தோசம். வரிசையாக எழுத வேண்டும்.

ஜீப். ஒரு அம்மா, அளக்கிற டேப் பிடிக்க ஒரு கிளார்க். அம்மா வந்ததும் உட்காரவில்லை. தண்ணீர்த் தொட்டி மூடியைத் தானே திறந்து எட்டிப் பார்த்தார். மாத்திரை அட்டைகளைப் புரட்டித் தேதி பார்த்தார். சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டார். (பருப்பு கிடந்தது.) குளியலறைக் கைப்பிடியைப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது. அதை மே. கையில் கொடுத்துவிட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு பெட்டி. உள்ளே ஒரு காகிதம், கொஞ்சம் சில்லறை. சில்லறையைப் பார்த்து முழித்தார்கள். நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன்.

அம்மா சத்தமாக வாசித்தார். "எனக்கு ஒரு குரை உண்டு. அதனால் தூக்கம் இல்லை. பெண்கள் பக்கம் போக முடியவில்லை." நிமிர்ந்தார். "யாருக்கு இங்க நாயால தொந்தரவு?"

நாய் எங்கே வந்தது? எனக்கு விளங்கவில்லை.

மே. முகத்தில் உயிர் வந்தது. இவ்வளவுதானா என்று. "மேடம், இன்னைக்கே பிடிச்சுட்டுப் போகச் சொல்லிர்றேன்."

சின்னையா எழுந்தே விட்டார். "எவன்யா மணி மேல பிராது குடுத்தவன்? வாயில்லாச் சீவன்யா அது!"

கிளார்க்: "வாய் இருக்கப் போய்த்தான பிராது."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆத்தா: "அது சரி, பொம்பளைங்க பக்கம் அந்தாளுக்கு என்ன சோலி? நாய் நல்ல காரியந்தான் பண்ணியிருக்கு!"

கம்பிக் கதவே ஆடும் அளவுக்குச் சிரிப்பு. அப்போதுதான் விளங்கியது. சின்ன ர. நான் போட்டது சின்ன ர.

பேசாமல் இருந்திருக்கலாம். பெயர் இல்லை, யாருக்கும் தெரியாது. ஆனால் மணி போய்விடும். என் காரியமும் அதோடு போய்விடும். எழுந்தேன்.

"நான்தாங்கம்மா எழுதுனேன். நாய் இல்லைங்க. என் கொற. மனக்கொற."

"குறையா!" அம்மா சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார். பேனாவை நீட்டினார். "அதே தாள்ல சரியா எழுதுங்க ஐயா. நான் பதிவு பண்ணணும்."

அத்தனை பேர் முன்னால் எழுதினேன். கு. பிறகு றை. பெரிய றவுக்குக் காலை நன்றாகக் கீழே இழுத்து விட்டேன். அடியில் பெயர்: கருப்பையா. முழுதாக. ப்புக்குப் புள்ளி வைத்து.

குறையைச் சொன்னேன். செ.யைக் கம்பிக் கதவுக்குக் கூட்டி வரச் சொன்னார். "எப்பவும் போல பேசுங்க."

நான்: "சாப்பிட்டியா?"

செ.: "கூப்பிட்டேனா? நான் எங்க கூப்பிட்டேன்? நீங்கதான வரச் சொன்னீங்களாம்!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கடைசியில் உள்ள பூட்டின அறையைக் கேட்டார். சாவி தேடினார்கள். திறந்தால் உடைந்த கட்டில், கொடையாளர் பிறந்தநாள் பிளெக்ஸ், சுருட்டிச் சுருட்டி.

மே.: "தம்பதிக்குன்னு தனி அறை இல்லீங்க மேடம்..."

"பிளெக்ஸுக்கு இருக்கே?"

மே. கையில் இன்னும் அந்தக் கைப்பிடி.

"அடுத்த தடவை சொல்லாம வருவேன்" என்றார் அம்மா. "அப்ப இவங்க ரெண்டு பேரும் இந்த அறையில இருக்கணும். அது சுவத்துல இருக்கணும். அதுக்கப்புறம் லைசன்ஸ் பேசுவோம்."

மணி ஜீப்பைத் தெரு முக்கு வரை விரட்டிவிட்டு வந்தது.

ஆடி 31, வெள்ளி

அறை காலி. சுண்ணாம்பு வாசனை. பிளெக்ஸ் ஒன்று மணிக்குக் கூரையாகிவிட்டது. யாரோ ஒரு பெரிய மனிதர் கும்பிட்டபடி இருக்க, அவர் நிழலில் நாய் தூங்குகிறது.

எல்லாரும் என்னைக் 'குரையய்யா' என்கிறார்கள். சின்னையா இன்னும் முறைப்பு. ஆனால் செ. கட்டிலின் ஒரு முனையைத் தூக்கியது அவர்தான். "ஒனக்காக இல்ல. அந்தப் பிள்ளைக்காக" என்றார். செ.யைப் பிள்ளை என்கிறார்!

மே.யும் வந்து ஜன்னல் கொக்கியைச் சரி பார்த்தார். போகும்போது மெல்ல: "ஐயா, என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாமே." நான்: "கேட்டா ரூல்ஸும்பீங்க." சிரித்துவிட்டார். இனி அவரை மே. என்று எழுதுவதா என்று யோசனை. பழகிவிட்டது. இருக்கட்டும்.

ஆவணி 2, ஞாயிறு

வெயில். காற்று நின்றுவிட்டது. டீச்சர் ஒரு பக்கம் முழுக்கக் குறை, குறை, குறை என்று எழுத வைத்தார். எழுதி முடித்தபோது எனக்கு ஒன்றுமே மிச்சமில்லை.

மதியம் செ. வந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு செம்பு. கட்டிலில் உட்கார்ந்து தட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். தலைமுடியை ஒதுக்கி, இடது காதில் வாயை வைத்து, மெல்லச் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

செ. முகம் சிவந்துபோனது. பிறகு தன் வழக்கப்படி, ஊருக்கே கேட்கும்படி: "அய்யய்ய, இதைச் சொல்லத்தானா அரசாங்கத்தையே வரவழைச்சீங்க!"

வராந்தாவில் சிரிப்பு. சின்னையா குரல்: "என்னத்தய்யா சொன்னே?"

மணி குரைக்கிறது. சின்ன ர.