பால்குடத்தன்று அப்பாவுக்கு ஏற்றிய சர்க்கரை

அன்புள்ள அருணாவுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். இந்த வரியைப் பொய்யில்லாமல் எழுத முடிகிறதே என்று அம்மனுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சேர்த்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால் வெள்ளிக்கிழமை தோஹா திரும்பும் அரவிந்த்குமாரிடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்க அப்பா காப்புக் கட்டியிருந்தது உனக்குத் தெரியும். குடம் கோயில் சேரும்வரை பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன் என்றவர், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கியிருக்கிறார். மாத்திரை சாப்பாட்டில் சேராதாம், விரதம் கெடாதாம், உன் அப்பாவின் சட்டம் உனக்குத் தெரியாததா. ஊர்வலம் பாதி வழி வந்ததும் கைகால் நடுங்கி, தெப்பமாக வியர்த்து, கண் செருகி, வாய் குழறியது. உடனே குலவை போட்டார்கள். மீனம்மாள் சித்தி குடத்தை வாங்கி இறக்கிவிட்டு, ஆத்தா வந்துருச்சு என்று விபூதி பூசி, எங்க அருணா எப்ப ஊருக்கு வருவா சொல்லு தாயி என்று குறி கேட்டாள். நானும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன், போ. தைக்கு வந்துருவா என்றார் அப்பா. சொன்ன கையோடு சரிந்துவிட்டார், உலுக்கியும் எழவில்லை. அப்போதுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கள் என்று கத்தினேன்.

108 வண்டியில் முதலுதவி பார்க்க வந்த காவ்யாவுக்கு உன் வயதுதான் இருக்கும். சித்தி பானகத்தை வாயில் ஊற்றப் போனதைத் தடுத்து, நெனவில்லாதவுகளுக்கு ஊத்துனா நுரையீரலுக்குப் போயிரும்மா என்றாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாள், சர்க்கரை அடிமட்டத்தில் கிடந்தது. கை நரம்பில் ஊசி போட்டுச் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றினாள். அருணா, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பா கண்ணைத் திறந்து, பால் சிந்திருச்சா என்று கேட்டார்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

வண்டியில் போகும்போது கேட்டேன், பொறுமையாகச் சொன்னாள். அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்குமாம், நாம் சாப்பிட்டோமா என்று அது பார்க்காதாம். இன்சுலின் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தசைக்குள் தள்ளிவிடும். மற்ற உறுப்புகள் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும், மூளைக்கு அப்போதைக்குச் சர்க்கரைதான் சோறு. நாங்கள் சாமி என்று கும்பிட்ட நடுக்கமும் வியர்வையும் சர்க்கரை கேட்டு உடம்பு போட்ட கூப்பாடாம். நரம்பில் ஏற்றியது வயிற்றுப் பக்கமே போகாமல் இதயம், நுரையீரல், மறுபடி இதயம், அங்கிருந்து நேரே தலைக்கு ஓடிவிடுமாம். இத்தனை பெரிய மனிதரை ஒரு கை சர்க்கரைத் தண்ணீர் எழுப்பி உட்கார வைத்ததை நினைத்தால் இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. மாத்திரையின் வேகத்தில் மறுபடி இறங்கலாம் என்று பொன்னமராவதி ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

நீயும் பட்டினி கிடந்து வேலைக்கு ஓடாதே. நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். குறி சொன்னது அப்பாவுக்குத் துளியும் நினைவில்லை. அது ஆத்தா வாக்கு இல்லை, சர்க்கரை இல்லாத மூளையின் உளறல் என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் எல்லாம் அணைந்துகொண்டிருந்த நேரத்திலும் அந்த மூளை உன் பேரைக் கேட்டதும் பதில் சொன்னது, அருணா. தைக்கு டிக்கெட் போடு.

உன் அம்மா,
அமுதவல்லி