வைப்புத்தொகை மொய்க்குப் போனது

ஆடி, வெள்ளி இரவு.

அரசாங்கத்துக்கு இருக்கும் கடனைப் பற்றி டிவியில் கேட்டுப் பயந்து, கடலை வியாபாரி செல்லையா இன்று வங்கிக்கு வந்து வைப்புத்தொகை முழுவதையும் எடுத்தார். சொந்தக்காரர்களின் மொய் விருந்துகளில் மொய்யாகச் செய்துவிடப் போகிறாராம். அவர் விருந்து வைக்கும்போது திரும்பி வந்துவிடுமாம்.

"பேங்க்குக்குப் பின்னால அரசாங்கம் இருக்குங்க. மொய்க்கு யாரு பொறுப்பு?" என்றேன்.

"வாங்கினவன் வீடு எனக்குத் தெரியும் சார். தரலைன்னா அவன் வாசல்ல போயி நிப்பேன். பேங்க் தரலைன்னா யாரு வாசல்ல நிக்க?"

"என் வாசலுக்கு வாங்க." மேலாளரான நான் வேறென்ன சொல்வது?

சிரித்தார். "போன மேனேஜரும் இதையேதான் சொன்னாரு. அவரு இப்ப எந்த ஊர்ல இருக்காருன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியாது.

மேசையை நேற்றே லாரியில் ஏற்றியாகிவிட்டது. என் மாறுதலுக்காகக் கட்டிய அட்டைப்பெட்டியின் மேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.