கிணற்றுக்கு வந்தவர்கள்

கொழிஞ்சாம்பாறை, 1974 மே 12, ஞாயிறு

காலையில் காலனி ஆட்கள் முப்பது பேர் காலிக் குடங்களோடு வாசலுக்கு வந்தார்கள். அவர்கள் கிணறு வற்றி ஒரு வாரமாகிறது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இறைத்துக்கொள்ள விடவேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சாதி ஆட்களை அந்தக் கிணற்றில் கயிறு இறக்க நாங்கள் விட்டதே இல்லை. உள்ளே போய், இறந்துபோன என் வீட்டுக்காரரின் துப்பாக்கியை எடுத்துவந்து நின்றேன்.

முன்னால் நின்றவள் ரங்காள். என் மாட்டுக்குத் தினமும் புல் அறுத்துப் போடுகிறவள். அவர் போன பிறகு நான் பேசுவது அவளோடு மட்டும்தான்.

"ஏனுங்கம்மா, என்னையும் சுட்டுப்போடுவீங்ளா?" என்றாள். சத்தம் போடவில்லை.

"கெணத்துப் பக்கம் வந்தா சுட்டுப்போடுவேன்" என்றேன்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். எல்லோரும் அவள் பின்னால் போனார்கள்.

சாயங்காலம் அவள் வரவில்லை. மாட்டுக்கு நானே புல் போட்டேன். போய் அவளைக் கூப்பிட்டு, தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று காலனி முனை வரை நடந்தேன். ஒன்பது வருஷமாக அவள் என் வீட்டுக்கு வருகிறாள். அங்கே அவள் வீடு எது என்று எனக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்கவில்லை. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.