செத்தவருக்கு மணியார்டர்

இன்று காலை தபால் பை தூக்குகிறவன் உன் பெயருக்கு வந்த பொட்டலம் ஒன்றை என் மேசையில் வைத்தான். "ஆள் இல்லேன்னு திருப்பி அனுப்ப மனசு வரல வாத்தியாரய்யா" என்றான். பழுப்புத் தாள், சணல் நூல், மதராஸ் முத்திரை. பிரித்தேன். சங்கீதத்தைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்காகப் போடுகிறார்களே, ஒரு புத்தகத்துக்கு ஒரு சாகித்யகர்த்தா என்று, அந்தச் சிறு புத்தகங்களில் ஒன்று. அச்சு மை வாசனை போகவில்லை. நீ செத்துப்போய் இருபத்து மூன்று நாளாகிறது. போன வருஷம் உன் பிரஜாவுரிமை மனுவைத் தள்ளினார்கள். அதற்குப் பிறகும் நீ மதராசுக்குப் பணம் அனுப்பியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உனக்குப் பாட வராது. வீணையைப் படத்தில் பார்த்ததோடு சரி. பகல் முழுக்கத் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து அரைக்கும் ரோலர் பக்கத்தில் நின்றுவிட்டு, காதில் அந்த இரைச்சலோடு வந்து புத்தகத்தை விரிப்பாய். இந்த ராகம் இப்படி ஏறும், இப்படி இறங்கும் என்று போட்டிருக்கும். ஏறுவதையும் இறங்குவதையும் கேட்க நமக்கு உடப்புசல்லாவை கடைத்தெருவில் நானாவின் துணிக்கடை ரேடியோவை விட்டால் வேறு கதி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தே போவோம்.

"வாங்க வித்துவானே" என்பார் நானா. "இன்னைக்காச்சும் ஒரு சாரம் எடுப்பீங்களா, இல்ல பாட்டு மட்டுந்தானா?"

"பாட்டு முடியட்டும் நானா, அப்புறம் பாக்கலாம்."

"பெட்டரிதான் முடியும் வாப்பா. ஒங்க பாட்டு எங்க முடியுது?"

புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாய். ராகத்தின் பெயரை நீ முதலில் சொல்லிவிட வேண்டும், ரேடியோக்காரர் பிறகு சொல்ல வேண்டும். பாதி நாள் உன் பதில் தப்பு. சரியாகிவிட்ட நாளில் திரும்பும் வழியெல்லாம் என்னைப் பேச விடமாட்டாய்.

வீடு வீடாக அரிசி வாங்கிச் சாப்பிட்டுப் பாடிய ஒருவரைப் பற்றிய புத்தகத்தை முடித்துவிட்டு ஒரு நாள் சொன்னாய்: "பிச்சை எடுத்த மனுசனுக்கு முப்பது பக்கம் எழுதியிருக்கான்டா. நம்ம லயத்து வீட்டுல பொறந்து செத்தவனுக்கு ஒரு வரி காட்டு பாப்போம்."

அந்த ஒரு வரியைத்தான் பிறகு அரசாங்கம் நம்மிடம் கேட்டது. பிரஜாவுரிமை கேட்டால், இத்தனை வருஷம் விடாமல் இங்கேயே இருந்தாய் என்பதற்குத் தாள் வேண்டும். தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கரிடம் கேட்டோம். பழைய பெயர்ப் பதிவைக் கறையான் தின்றுவிட்டது என்றார்கள். உன் கையில் இருந்தவை புத்தகம் வந்த பழுப்பு உறைகளும் மணியார்டர் ரசீதுகளும்தான். ஒன்றைக்கூட நீ எறிந்ததில்லை. உன் பெயர், தோட்டத்தின் பெயர், லயத்தின் நம்பர், தபால் முத்திரையில் தேதி, எல்லாம் ஒரே தாளில். நான் துள்ளிக் குதித்தேன்.

"புஸ்தகத்த எதுக்குடா அங்க காட்டணும்? அது நம்ம சொந்த விசயம்" என்றாய்.

"வாய மூடிக்கிட்டு வா" என்றேன். வருஷவாரியாக அடுக்கி, ஊசி நூலால் கோத்து, மேலே ஒரு புத்தகத்தையும் வைத்துக் கட்டியவன் நான்.

விசாரணை அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் உன்னிடம் திருப்பிச் சொன்னார்.

"இந்தியாவுக்குக் காசு அனுப்பியிருக்கிறீர். ஆருக்கு?"

"புஸ்தகத்துக்குங்க."

அதிகாரி புத்தகத்தின் அட்டையில் தம்புராவோடு இருந்தவரைக் காட்டினார். "இவர் ஆர்? உம்முடைய சொந்தக்காரரோ?"

"இல்லீங்க. அவரு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

அதிகாரி சிரித்தார். மொழிபெயர்ப்பாளர் சிரித்தார். பயத்தில் நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார்: "செத்த ஆளுக்குக் காசு அனுப்பினவர் எண்டு எழுதேலாது, தம்பி. இந்தியாவுக்கு எண்டுதான் எழுதுவினம்."

அப்படியே எழுதினார்கள். தொடர்ந்து இந்தியாவுக்குப் பணம் அனுப்பி வந்திருப்பதால் இந்நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் எண்ணம் இல்லை என்று. தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு லண்டனிலிருந்து இசைத்தட்டு வருகிறது. எங்கே தங்கும் எண்ணம் என்று அவரிடம் எவனும் கேட்டதில்லை.

கடிதத்தைப் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கும் கூட்டத்துக்கு நடுவே, உனக்குப் படித்துச் சொன்னேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். "நல்லாத்தான்டா கோத்திருந்த. ஒரு வருசம்கூட விட்டுப் போகல" என்றாய். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டும் நான் நானா கடைக்கு வரவில்லை.

மனமுடைந்து செத்தாய் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உனக்கு நிமோனியா. தோட்டத்து மருந்தகத்தில் இருமல் தண்ணீர் கொடுத்து வேலைக்கு அனுப்பினார்கள். நான்காம் நாள் பாடை கட்டித் தூக்கிக்கொண்டு போனோம்.

மனு எழுத ஆட்கள் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள். எந்தத் தாள் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்கு இப்போது பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. நீ விட்டுப்போனதில் என்னிடம் வேலை செய்வது இந்தக் கண்தான். போன வாரம் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். அதிலிருந்து ஒன்றை உருவி வெளியே வைத்தேன்.

"அது எங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகைங்க. திருச்சியிலேருந்து வந்தது."

"இது வேணாம்மா."

"அடுப்புல போட்டுறவாங்க?"

"போட்டுடுங்க" என்றேன். குரல் மாறவில்லை.

இப்படிக் கழித்துக் கட்டிய மனுக்களில் இரண்டு தேறிவிட்டன. நேற்றுத் தேங்காய் பழத்தோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.