அவர்கள் கேட்ட கை வேறு

அக்கா,

இன்று காலை என் பேனர் கடைக் கணினியில் அந்தப் படம் மறுபடி வந்து நின்றது. தொழுநோய் விழிப்புணர்வு பேனருக்காம். விரல்கள் மழுங்கிப்போன கறுத்த கை. வேறு படம் வரைந்து தருகிறேன் என்றேன். "பயந்தாத்தானுங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க" என்றார் கொண்டுவந்தவர். நான் முடியாது என்றதும் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். சாயங்காலத்துக்குள் பேனர் கட்டியாகிவிட்டது. அதன் கீழே நின்றுதான் பஸ் ஏறி வந்தேன். கோபம் ஆறவில்லை. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பல்லடத்துப் பனியன் கம்பெனியில், துணியில் அச்சிடும் படங்களை நாம் ஒரே மேசையில் வரைந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் சூடான இஸ்திரிப் பெட்டியில் உங்கள் முழங்கை பட்டது. தோல் கருகும் வாடை எனக்குத்தான் வந்தது. உங்களுக்குச் சூடே தெரியவில்லை. அந்த இடத்தில் வெளிறிய தேமல் ஒன்று வெகுநாளாக இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தொழுநோய் என்றார்கள். ஓராண்டு மாத்திரை சாப்பிட்டீர்கள், குணமானது. விஷயம் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பிறகு சுகாதார நிலையச் சுவரில் வரைய நம்மைக் கூப்பிட்டார்கள். மாதிரிக்குத் தந்தது இதே கைதான். நீங்கள் அதை மடித்து வைத்துவிட்டு, "என்ற கையில பத்து வெரலும் இருக்குது அம்மணி. இதைப் பாத்தா எவ வந்து கையைக் காட்டுவா? ஒளிச்சுத்தான் வெப்பா" என்றீர்கள். சுவரில் உங்களையே வரைந்தீர்கள். உங்கள் முகம், உங்கள் தேமல், தோசை திருப்பும் உங்கள் கை. பக்கத்தில் எழுதினீர்கள்: 'தொட்டால் உணர்ச்சி இல்லாத தேமல் எனக்கு இருந்தது. மாத்திரை சாப்பிட்டேன். சரியாகிவிட்டது.'

அந்த மாதமே விசைத்தறியில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தன் மகளைக் கூட்டிவந்து, "செவுத்துல இருக்கற மாதிரியே இருக்குதுங்க" என்று அவள் முதுகைக் காட்டினாளாம். நர்ஸ் சொல்லக் கேட்டு அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தீர்கள்.

சுவரை நம் கம்பெனி மேனேஜரும் பார்த்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. ஆளுக பயப்படறாங்க. கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருங்க." ஒரு 'ங்க' கூடக் குறையாமல் வேலையைப் பறித்தார். குணமானதற்கான டாக்டர் சீட்டை நீட்டினீர்கள். கையில் வாங்காமல், மேசையில் வைக்கச் சொன்னார்.

நான் மட்டும் என்ன செய்தேன்? வீட்டுக்கு வந்த உங்களுக்கு என் மாமியார் காகிதக் கப்பில் டீ கொடுத்தார். எங்களுக்கெல்லாம் சில்வர் டம்ளர். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. நீங்கள் குடித்து முடித்து, "டீ நல்லா இருக்குதுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கப்பை நீங்களே வெளியே கொண்டுபோய்ப் போட்டீர்கள்.

போன ஆண்டு மாரடைப்பில் நீங்கள் போனபோது, இழவு வீட்டிலேயே "அந்த வியாதி திரும்பிருச்சாமா?" என்று கிசுகிசுத்தார்கள். "நெஞ்சு வலிங்க. அந்த நோவு சரியாகிப் பல வருசமாச்சு. நாந்தான் கூடப் போயி மாத்திரை வாங்குனேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். மாமியாரும் அங்கேதான் இருந்தார். நீங்கள் கேட்க முடியாத நாளில் எனக்கு வாய் வந்தது.

இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான், அக்கா. இப்போதெல்லாம் யார் அப்படிப் பேசினாலும் விடுவதில்லை. சண்டைக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். அந்தப் பெயரை நீங்கள் இருக்கும்போதே வாங்கியிருக்க வேண்டும்.