பேர் தெரியாத நாய்

அக்கா,

புது வீட்டுக்கு வந்தாச்சு. அம்மா தோட்டமே கதின்னு இருக்காங்க. ஆடு, கோழி, ஒரு நாய், எல்லாம் முன்னாடி இங்க குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனது, வீட்டோடயே வந்துச்சு. காலேஜை விட்டவன்னு கோழிக்கூடு கழுவுறது நான்தான்.

"இந்தப் பக்கமே நான் வந்ததில்ல"ன்னாரு அப்பா. ஆனா எங்களைக் கடிக்க வந்த நாய் அவர் காலை நக்குது.

"என்னப்பா, பழைய சிநேகமா?"

"வாயை மூடிட்டு கூட்டைக் கழுவுடா."

எங்கயோ இன்னொரு குடும்பம் வச்சிருக்காருன்னே முடிவு பண்ணிட்டேன். தீவனம் வாங்கப் போறவரு, பை நிறைய நம்ம கத்தரிக்காய எடுத்துட்டுப் போறாரே!

நேத்து பெட்டியில இருந்து உன் பழைய துப்பட்டா விழுந்துச்சு. நாய் ஓடி வந்து மோந்துட்டு, அது மேலயே படுத்து முனகுது. முன்னாடி இங்க குடியிருந்தது நீதானோ? நீ கல்யாணம் பண்ணிட்டுப் போனதுல இருந்து உன் பேரைச் சொன்னாலே சாப்பாட்டைப் பாதியில விட்டு சோத்துல கைகழுவுற அப்பா, அதைப் பாத்துட்டு வெளிய போயிட்டாரு.

இந்தக் கடிதத்தை அப்பா பையில, கத்தரிக்காய்க்கு அடியில வைக்கிறேன். உன் கைக்கு வந்தா, அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கறது நிஜம்தான், அது நீதான்.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. பதிலுக்கு நாயோட பேரை மட்டும் எழுதி அனுப்பு. கூப்பிட்டு அது திரும்பினா, அம்மாவோட உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன்.

இப்படிக்கு,
கூடு கழுவும் தம்பி